நிலவின் விளிம்பால் வானை அளந்தவர்கள்

நீலகிரி மாவட்டத்தில், ஊட்டியை அடுத்த முத்தோரையின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஊட்டி ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிமட்டத் தோட்டங்களுக்கு நடுவே, 24 எஃகுச் சட்டங்களின் மேல் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்ட கம்பிகளாலான கருவி இது. இதைத் திட்டமிட்டுக் கட்டி முடித்தவர் இந்திய ரேடியோ வானியலின் முன்னோடியான கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). நிலவு ஒரு விண்பொருளை மறைக்கும் கணத்தைத் துல்லியமாகக் குறித்து, அதிலிருந்து அந்தப் பொருளின் இடத்தையும் அளவையும் கணக்கிடுவதே இக்கருவியின் முதல் வேலையாக இருந்தது. அடிப்படையில் அது மிகப் பழைய முறை. கி.பி. 98-இல் கிரேக்கக் கணிதரும் வானியலருமான மெனலாஸ் ரோம் நகரிலிருந்து அதையே செய்தார். அவரிடம் இருந்தது வெறும் கண் மட்டுமே.

நிலவு மறைப்பு என்றால் என்ன?

நிலவு நட்சத்திரங்களின் ஊடே மேற்கிலிருந்து கிழக்காக நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது. அப்படி நகரும்போது தன் பாதையில் இருக்கும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு போகிறது. சற்று நேரம் கழித்து அந்த நட்சத்திரம் மறுபக்க விளிம்பில் மீண்டும் தோன்றுகிறது. இதுவே நிலவு மறைப்பு. சூரிய கிரகணமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே மறைக்கப்படுவது சூரியன்.

மறைப்பு ஏன் அளவுகோலாகிறது என்பது எளிது. நிலவு எந்த நொடியில் வானில் எங்கே இருக்கும் என்பதை வானியலர் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் மறையும் நொடியில் அது நிலவின் விளிம்பின் மேல் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. மீண்டும் தோன்றும் நொடியில் எதிர் விளிம்பின் மேல் இருக்கிறது. இரண்டு நேரங்களையும் குறித்துக்கொண்டால், வானில் இரண்டு வில்கள் கிடைக்கின்றன. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் ஒன்றே நட்சத்திரத்தின் இடம். நேரத்தை அளந்தால் இடம் தெரிந்துவிடுகிறது. நிலவு ஒரு நொடியில் வானில் ஏறக்குறைய அரை விகலை நகர்கிறது. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஆகவே ஒரு நொடித் துல்லியத்தில் நேரத்தைக் குறித்தால், ஒரு பாகையில் சுமார் 7,000-இல் ஒரு பங்கு துல்லியத்தில் இடம் கிடைக்கும்.

நிலவுக்குக் காற்று மண்டலம் இல்லை என்பதும் இதற்குத் துணை. காற்று இருந்திருந்தால் ஒளி வளைந்து, நட்சத்திரம் மெல்ல மங்கி மறைந்திருக்கும். நிலவின் விளிம்பில் ஒளி பளிச்சென்று அறுபடுகிறது.

மெனலாஸ்: வாழ்வும் பணியும்

மெனலாஸ் எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். அவரது வாழ்க்கையைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. அவர் ரோமில் இருந்து வானை நோக்கினார் என்பது அவருக்குச் சில பத்தாண்டுகள் பின்வந்த தாலமியின் நூலான அல்மஜெஸ்ட் தரும் தகவல். நிலவின் முகத்தில் தெரியும் கறைகளைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய உரையாடலில் மெனலாஸ் என்ற கணிதர் ஒருவர் இடம்பெறுகிறார். அவர் இவரே என்று பலரும் கருதுகின்றனர்.

மெனலாஸின் நூல்களில் எஞ்சியிருப்பது கோள வடிவியல் பற்றிய 'ஸ்பேரிகா' ஒன்றே. மூன்று பாகங்கள் கொண்ட இந்நூலின் கிரேக்க மூலம் அழிந்துவிட்டது. அரபு மொழிபெயர்ப்புகளே அதைக் காத்தன. அல்-பிரூனியின் ஆசிரியரான அபூ நஸ்ர் மன்சூர் அதைத் திருத்திச் செம்மைப்படுத்திய பதிப்பு சிறப்பு வாய்ந்தது. வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த பின் 1758-இல் வெளிவந்தது.

வானம் பூமியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கோளத்தின் உட்புறமாகத் தெரிகிறது. அதில் மூன்று நட்சத்திரங்களை இணைத்தால் கிடைப்பது தாளில் வரையும் முக்கோணம் ஆகாது; அதன் பக்கங்கள் வளைந்த வில்கள். இத்தகைய கோள முக்கோணத்தை முதலில் தெளிவாக வரையறுத்தவர் மெனலாஸ். தாளில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை. கோளத்தின் மேல் வரைந்த முக்கோணத்தில் அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் 180-ஐ விட மிகுதி என்பதை அவர் நிறுவினார்.

அவர் பெயரால் வழங்கும் தேற்றம் இன்றும் வடிவியல் பாடத்தில் உள்ளது. ஒரு நேர்கோடு ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும், தேவையானால் நீட்டிய பக்கத்தையும், வெட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு துண்டுகளாகப் பிரிகிறது. முக்கோணத்தைச் சுற்றி ஒரே திசையில் வந்து அந்த மூன்று விகிதங்களையும் பெருக்கினால் விடை 1. இதையே மெனலாஸ் கோளத்தின் மேலும் நிறுவிக் காட்டினார். ஆறு அளவுகளில் ஐந்து தெரிந்தால் ஆறாவதைக் கண்டுபிடித்துவிடலாம். சூரியன் உதிக்கும் இடம், பகலின் நீளம், நட்சத்திரங்களின் கோணத் தொலைவு ஆகியவற்றைக் கணக்கிடத் தாலமியும், அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் அரபு வானியலரும் இந்தத் தேற்றத்தையே நம்பியிருந்தனர்.

ரோமில் கண்ட மறைப்பு

கி.பி. 98 ஜனவரியில், பேரரசர் டிராஜனின் முதல் ஆட்சியாண்டில், மெனலாஸ் இரண்டு மறைப்புகளைக் கண்டு குறித்தார். ஒன்று, சித்திரை நட்சத்திரத்தை நிலவு மறைத்தது. மற்றொன்று சில நாள் கழித்து, அனுஷ நட்சத்திரக் கூட்டத்தின் வடகோடியில் உள்ள விண்மீனை மறைத்தது. இவ்விரண்டும் சூரியப் பாதைக்கு அருகில் இருப்பவை. அதனால்தான் நிலவு அவற்றைத் தொட முடிகிறது.

மெனலாஸுக்கு ஏறத்தாழ 390 ஆண்டுகள் முன்பே, அலெக்சாந்திரியாவில் இருந்த டிமோகாரிஸ் என்ற வானியலரும் நிலவை வைத்துச் சித்திரையின் இடத்தைக் குறித்திருந்தார். தாலமி இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டார். சித்திரை, பருவங்களைக் கணிக்கும் புள்ளிகளைப் பொறுத்து, சுமார் நான்கு பாகை கிழக்கே நகர்ந்திருந்தது. இந்த நகர்வை முதலில் உணர்ந்து சொன்னவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ஹிப்பார்கஸ். மெனலாஸின் மறைப்புக் குறிப்பு அதற்கு வலுவான சான்றானது. நகர்வின் வேகம் நூறாண்டுக்கு ஒரு பாகை என்று தாலமி கணக்கிட்டார். உண்மையில் அது சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை.

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று குறிக்கப்படுவது இந்த நகர்வின் திரண்ட அளவே. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 21-ஐ ஒட்டி வருகிறது. சூரியன் மேஷத்தில் நுழையும் சித்திரை முதல் நாளோ ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. இடையே உள்ள மூன்று வாரத்துக்கும் மேற்பட்ட இடைவெளிக்குக் காரணம் இந்த நகர்வு. மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, இந்திய அரசுக்கான அயனாம்சத்தை வகுத்தபோது அதற்கு ஆதாரமாகக் கொண்டது சித்திரை நட்சத்திரத்தையே. மெனலாஸ் ரோமில் கண்ட அதே நட்சத்திரம் அது. அவர் பெயர் இன்று நிலவிலேயே ஒரு பள்ளத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

1871: நீலகிரியில் ஒரு கிரகணம்

நிலவை ஒரு திரையாகக் கொண்டு வானை ஆராயும் பணி நீலகிரிக்கு வந்தது 1871 டிசம்பர் 12 அன்று. அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவின் மேல் விழுந்தது. பிரெஞ்சு வானியலர் பியர் ஜான்சென் ஊட்டிக்கு அருகிலுள்ள சோலூரில் தன் கருவிகளை நிறுத்தினார். ஜேம்ஸ் டெனன்ட் தலைமையிலான ஆங்கிலேயக் குழு தொட்டபெட்டாவில் இருந்தது. சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் அவிநாசியில் இருந்து நோக்கினார்.

சூரியனின் வட்டை நிலவு முழுவதுமாக மறைக்கும் சில நிமிடங்களில் மட்டுமே, அதைச் சூழ்ந்துள்ள மங்கலான ஒளிவளையம் கண்ணுக்குத் தெரியும். சோலூரில் ஜான்சென் அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளைக் கண்டார். கூடவே, சாதாரணச் சூரிய ஒளியில் காணப்படும் கருங்கோடு ஒன்றும் மங்கலாகத் தெரிந்தது. ஒளிவளையத்தின் ஒரு பகுதி தானே ஒளிரும் வாயு என்பதையும், மற்றொரு பகுதி சூரிய ஒளியைச் சிதறடிக்கும் பொருள் என்பதையும் அது காட்டியது. மெனலாஸுக்கு மறைப்பு இடத்தைச் சொன்னது. ஜான்செனுக்கு மறைக்கப்பட்டதன் தன்மையைச் சொன்னது. நூறாண்டு கழித்து அதே மலையில் எழுந்த கருவி இரண்டையும் ஒருசேரச் செய்தது.

கோவிந்த் ஸ்வரூப்

கோவிந்த் ஸ்வரூப் 1929 மார்ச் 23 அன்று உத்தரப் பிரதேசத்தின் தாகுர்துவாராவில் பிறந்தார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 1950-இல் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றபின், புதுடெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதன் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்து, ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சி.வி. ராமனுடன் பணியாற்றியவர் அவர். 1952-இல் சிட்னியில் நடந்த மாநாட்டுக்குச் சென்ற கிருஷ்ணன், அங்கே ரேடியோ வானியல் வளர்ந்திருந்த விதத்தைக் கண்டு, அதை இந்தியாவிலும் தொடங்க விரும்பினார். அந்த விருப்பத்தின் விளைவாக ஸ்வரூப் 1953-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, ஜோசப் பாசியின் குழுவில் இரண்டு ஆண்டுகள் பயின்றார்.

பிறகு அமெரிக்கா சென்றார். டெக்சாஸில் இருந்த ஹார்வர்டு நிலையத்தில் சூரியனிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளில் ஒரு புதிய வகையைக் கண்டறிந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேஸ்வெல்லிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1961-இல் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் என்ற நான்கு இந்திய வானியலர், நாடு திரும்பி ஒரு ரேடியோ வானியல் குழுவை அமைக்க விரும்புவதாக இந்திய அறிவியல் தலைவர்களுக்கு எழுதினர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா உடனே ஆதரவளித்தார். ஸ்வரூப் 1963-இல் நாடு திரும்பினார். ஆஸ்திரேலியா கொடையாக அளித்திருந்த 32 சிறிய வட்டக் கிண்ண ஆன்டெனாக்களைக் கொண்டு, மும்பைக்கு அருகே கல்யாணில் சூரியனை நோக்கும் வரிசை ஒன்றை அவர் குழு 1965-இல் அமைத்தது. இந்தியாவின் முதல் ரேடியோ தொலைநோக்கி அதுவே.

மங்கலாகத் தெரிந்த ரேடியோ வானம்

1960-களின் தொடக்கத்தில் ரேடியோ வானியலுக்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது, அது பெறும் அலையின் நீளத்தையும் தன் அகலத்தையும் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரேடியோ அலையின் நீளமோ சென்டிமீட்டர்களிலும் மீட்டர்களிலும் அளக்கப்படுவது. 92 சென்டிமீட்டர் அலையைக் கொண்டு ஒரு விகலை நுணுக்கத்தில் பார்க்கச் சுமார் 190 கிலோமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வேண்டும். அதனால் வானில் நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்கள் பதிவாகியிருந்தும், அவற்றில் பலவும் எந்த நட்சத்திரத்திலிருந்து, எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து வருகின்றன என்று சொல்ல முடியவில்லை.

இந்தத் தடையை நிலவு உடைத்தது. 1962 ஆகஸ்ட் 5 அன்று 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலவு மறைத்ததை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பதிவு செய்தது. சிரில் ஹசார்டு வகுத்த முறைப்படி அந்தப் பதிவிலிருந்து மூலத்தின் இடம் ஒரு விகலை அளவுக்குத் துல்லியமாகக் கிடைத்தது. அந்த இடத்தில் நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி இருந்தது. அதன் ஒளியை ஆராய்ந்த மார்டன் ஷ்மிட், அது நட்சத்திரம் அல்ல என்றும், நூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது என்றும் 1963-இல் அறிவித்தார். குவாசர் எனப்படும் விண்பொருள் வகை இப்படித்தான் அறியப்பட்டது.

அதைப் படித்த ஸ்வரூப், நிலவு மறைப்பை மட்டுமே மையமாகக் கொண்டு ஒரு கருவியைக் கட்டினால் என்ன என்று எண்ணினார். மறைப்புகள் அடிக்கடி நேர்ந்தாலும், பெரும்பாலான மூலங்கள் மிக மங்கலானவை. நிலவு தானே வெளியிடும் ரேடியோ இரைச்சலுக்கு நடுவே அவற்றைப் பிடிக்க, அலைகளைத் திரட்டும் பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். நிலவைப் பல மணி நேரம் விடாமல் பின்தொடரவும் வேண்டும். அவ்வளவு பெரிய வட்டக் கிண்ணத்தைக் கட்ட அன்றைய இந்தியாவிடம் பணம் இல்லை. ஸ்வரூபின் விடை வடிவியலில் இருந்தது.

மலையே கருவியின் பாகம்

பூமி தன் அச்சில் சுழல்வதால் வானம் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்வதாகத் தெரிகிறது. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், அந்த ஒரே அச்சில் மணிக்கு 15 பாகை திருப்பினால் போதும். பார்க்கும் பொருள் பார்வையிலிருந்து விலகாது. பூமியின் அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கிறது. ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. ஊட்டியில் அது 11 பாகைக்குச் சற்று மேல்.

அதாவது, ஊட்டியின் அட்சரேகையில் அமையும் நீண்ட கருவி ஒன்றின் வடமுனை, தென்முனையைவிட 11 பாகை ஏற்றமாக இருக்க வேண்டும். 530 மீட்டர் நீளத்துக்கு அது நூறு மீட்டருக்கும் சற்று அதிகமான உயர வேறுபாடு. சமவெளியில் இதற்காக வடமுனையில் நூறு மீட்டர் கோபுரம் எழுப்ப வேண்டியிருக்கும். ஸ்வரூபும் அவர் குழுவினரும் தென்னிந்திய மலைகளில், வடக்கு நோக்கி 11 பாகை ஏறும் சரிவைத் தேடினர். முத்தோரையில் அப்படியொரு சரிவு, தேவையான நீளத்துக்கு அமைந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், பெரிய நகரங்களின் மின்காந்த இரைச்சலிலிருந்து மலைகளால் மறைக்கப்பட்டு அது கிடந்தது. ஆண்டின் பல மாதங்கள் ஊட்டியைப் போர்த்தும் மேகமும் பனிமூட்டமும் ஒளித் தொலைநோக்கிக்குத் தடை. ஒரு மீட்டர் அளவுள்ள ரேடியோ அலைக்கு அவை இல்லாதது போலத்தான். பகலிலும் இரவிலும், மழையிலும் இக்கருவி வானை நோக்க முடியும்.

அட்சரேகை குறைவாக இருப்பதே இத்திட்டத்தின் உயிர். டெல்லியில் இதே கருவிக்கு 28 பாகைக்கும் மேற்பட்ட சரிவு வேண்டும். ஐரோப்பாவில் 50 பாகையை ஒட்டிய செங்குத்துச் சரிவு. தமிழ்நாட்டில் மென்மையான மலைச்சரிவு ஒன்றே இதற்குப் போதும்.

கருவியின் அமைப்பு

ஊட்டி தொலைநோக்கி, நெடுக்காகப் பிளந்த மூங்கிலின் ஒரு பாதியைப் போன்றது. அதன் குறுக்குவெட்டு பரவளைய வடிவம். 24 பரவளையச் சட்டங்கள் சரிவின் வழியே வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் சுமார் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் முழு நீளத்துக்கும் இணையாக ஓடுகின்றன. கம்பிகளுக்கு இடையே உள்ள சில சென்டிமீட்டர் இடைவெளி, 92 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. அலையைப் பொறுத்தவரை அது முழுத் தகடு. தென்மேற்குப் பருவக்காற்று மட்டும் கம்பிகளின் ஊடே புகுந்து போய்விடுகிறது. அதனால் கட்டமைப்பு இலகுவாகவும் மலிவாகவும் அமைந்தது.

பரவளையத்தின் குவியக் கோட்டில், கருவியின் நீளம் முழுக்க, 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. கம்பிகளில் பட்டுத் திரும்பும் அலைகள் அங்கே குவிகின்றன. கிழக்கு மேற்காகப் பார்வையைத் திருப்ப, 24 சட்டங்களும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுழல்கின்றன. இவ்வாறு ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். வடக்கு தெற்காகத் திருப்ப எந்தப் பாகமும் அசைவதில்லை. அடுத்தடுத்த ஆன்டெனாக்களின் சமிக்ஞைகளைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்திச் சேர்த்தால், பார்வை தானே அந்தப் பக்கம் சாய்கிறது. கருவி இயங்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ்.

கட்டுமானம் 1960-களின் பிற்பகுதியில் நடந்தது. 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் நிறுவனத்தின் பொறுப்பேற்ற எம்.ஜி.கே. மேனன் திட்டத்தைத் தொடர்ந்து ஆதரித்தார். என்.வி.ஜி. சர்மா, எம்.என். ஜோஷி, விஜய் கபாஹி, எஸ். அனந்தகிருஷ்ணன், வி. பாலசுப்பிரமணியன் முதலிய இளம் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் அடங்கிய குழு, பெரும்பாலும் இந்தியாவில் செய்த பாகங்களைக் கொண்டே கருவியை நிறுவியது. 1970 பிப்ரவரி 18 அன்று அது தன் முதல் நிலவு மறைப்பைப் பதிவு செய்தது.

மறைப்பு சொன்ன செய்தி

ஒரு ரேடியோ மூலம் நிலவின் விளிம்பில் மறையும்போது அதன் அலை சட்டென்று நின்றுவிடுவதில்லை. விளிம்பில் அலை வளைவதால், வலிமை சில முறை ஏறி இறங்கிப் பிறகு அடங்குகிறது. இது விளிம்பு விளைவு. மூலம் ஒரு புள்ளியாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். அது விரிந்திருந்தால் மழுங்கிவிடும். இரட்டையாக இருந்தால் இரண்டு ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஆகவே பதிவான கோட்டின் வடிவத்திலிருந்தே மூலத்தின் இடம், அளவு, உருவம் மூன்றையும் மீட்டெடுக்கலாம். நிலவின் தொலைவில் ஒரு விகலை என்பது ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர் என்பதால், அதன் விளிம்பில் உள்ள மலைகளையும் பள்ளங்களையும்கூடக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

1970-களில் ஊட்டி ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை இவ்வாறு அளந்தனர். அவற்றுள் பல, அதுவரை யாராலும் விவரமாகப் பார்க்க முடியாத மங்கலான மூலங்கள். இந்தத் தொகுப்பைக் கொண்டு 1975-இல் ஸ்வரூபும் கபாஹியும் வெளியிட்ட கட்டுரைகள் அண்டவியலின் பெரிய விவாதம் ஒன்றில் இடம்பிடித்தன. பேரண்டம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கி மாறிக்கொண்டே வந்தது என்பது ஒரு தரப்பு. அது எக்காலத்திலும் ஒரே தன்மையோடு இருக்கிறது என்பது பிரெட் ஹாயில் முன்வைத்த நிலைத்த பேரண்டக் கொள்கை. தொலைவில் உள்ள மங்கலான மூலங்களைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதே. பேரண்டம் மாறாதது என்றால், மங்கலான மூலங்களும் பிரகாசமான மூலங்களும் இயல்பில் ஒத்திருக்க வேண்டும். மூலங்கள் மங்க மங்க அவற்றின் தோற்ற அளவு எப்படிக் குறைகிறது என்று ஊட்டி அளவீடுகள் காட்டின. அந்தக் குறைவு, முற்காலத்தில் ரேடியோ மூலங்கள் இன்றைவிடச் சிறியவையாகவும் மிகுதியாகவும் இருந்தன என்று கொண்டால்தான் பொருந்தியது. பேரண்டம் மாறி வந்திருக்கிறது என்பதற்கு, மற்ற சான்றுகளிலிருந்து தனித்து நிற்கும் ஒரு சான்றை ஊட்டி தந்தது.

நிலவு மறைப்புக்கு ஓர் எல்லை உண்டு. சூரியப் பாதையை ஒட்டிய ஒரு பட்டையில் உள்ள மூலங்களை மட்டுமே நிலவு தொடுகிறது. வானின் மற்றப் பகுதிகளுக்கு வேறு முறைகள் தேவைப்பட்டன. ஊட்டி தொலைநோக்கியும் வேறு பணிகளுக்கு விரிந்தது. சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றின் ஊடே வரும் ரேடியோ அலைகள் மினுக்குகின்றன. அந்த மினுக்கலை அளந்து, சூரியக் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும், சூரிய வெடிப்புகள் பூமியை நோக்கி வரும் போக்கையும் பி.கே. மனோகரன் உள்ளிட்ட ஊட்டி ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகக் கண்காணித்து வந்துள்ளனர். பல்சர் எனப்படும் வேகமாகச் சுழலும் விண்பொருள்கள் பற்றிய ஆய்வுக்கும் இக்கருவி பயன்பட்டு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனிப் பெருக்கி பொருத்தப்பட்டு, அதன் உணர்திறன் பெரிதும் உயர்ந்தது. ஹைட்ரஜன் அணு வெளியிடும் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலை, பேரண்ட விரிவால் நீண்டு 326.5-க்கு இறங்கி வருமானால், அது 1,100 கோடி ஆண்டுகளுக்கும் முன் புறப்பட்டதாக இருக்கும். அந்தத் தொல்பழங்கால ஹைட்ரஜனைத் தேடும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது.

ஊட்டிக்குப் பின்

1980-களில் ஸ்வரூபின் குழு, பெரிய தொலைநோக்கியோடு சில கிலோமீட்டர் வரை சிறிய ஆன்டெனாக்களை இணைத்து, ஒரே கருவியாக இயக்கியது. தொலைவில் உள்ள பல ஆன்டெனாக்களை ஒருங்கிணைக்கும் நுட்பத்தில் அங்கே பெற்ற பயிற்சியே, புனேவுக்கு வடக்கே கோடாட்டில் அமைந்த மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கிக்கு அடித்தளம். 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைச் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுக்கு விரித்துள்ள அந்தக் கருவியை, 1980-களின் இறுதியிலிருந்து ஸ்வரூபின் தலைமையில் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் கட்டியெழுப்பியது. கிண்ணத்தின் பரப்பாக எஃகுத் தகட்டுக்குப் பதில் கம்பி வலையை இழுத்துக் கட்டும் அவரது முறை, முத்தோரையின் கம்பிகளில் தொடங்கிய சிந்தனையின் தொடர்ச்சி. எடை குறைந்தது, செலவும் குறைந்தது.

ஸ்வரூபுக்கு 1972-இல் பட்நாகர் விருதும், 1973-இல் பத்மஸ்ரீயும் வழங்கப்பட்டன. 1991-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 செப்டம்பர் 7 அன்று புனேயில் காலமானார். முத்தோரை தொலைநோக்கி, தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஊட்டிக் கிளையாக இயங்கும் ரேடியோ வானியல் மையத்தின் பொறுப்பில் இருக்கிறது.

மெனலாஸின் கோள முக்கோணமும் ஸ்வரூபின் சாய்ந்த அச்சும் ஒரே அறிவின் இரு பயன்கள். வானம் ஒரு கோளமாகத் தெரிகிறது, அது ஓர் அச்சைச் சுற்றி நகர்கிறது, அதன் மேல் நிலவின் இடத்தை நொடிக்கு நொடி கணக்கிடலாம் என்பதே அந்த அறிவு. பெரும் பணம் இல்லாத நாடு ஒன்று உலகின் பெரிய ரேடியோ தொலைநோக்கிகளுள் ஒன்றைக் கட்ட முடிந்ததற்குக் காரணம், விலையில்லாமல் கிடைத்த இரண்டு பொருள்களை அந்த அறிவு பயன்படுத்திக்கொண்டதே: கூரிய விளிம்பு கொண்ட நிலவு ஒன்று, வடக்கு நோக்கிப் பதினொரு பாகை ஏறும் நீலகிரிச் சரிவு மற்றொன்று.